துப்பாக்கி தூக்காத அமைதிப்படை: கேள்வி - பதில்

ஐ.நா. அமைதிப் பணிகளைப் பற்றி முன்பு எழுதிய ஒரு பதிலில் ‘அரசியல் விவகார அதிகாரி’ என்று ஒருவரைக் குறிப்பிட்டிருந்தேன். அவர் யார், என்ன செய்கிறார் என்று கேட்டு நிறையக் கடிதங்கள். இந்த வாரம் முழுக்க அவரைப் பற்றித்தான்.

கேள்வி: நீலத் தொப்பி போட்ட சிப்பாயைத் தெரியும். இந்த அரசியல் விவகார அதிகாரிக்கு அங்கே என்ன வேலை?
– கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

பதில்: சிப்பாய் இரண்டு தரப்புக்கும் நடுவில் நிற்கிறார். இவர் இரண்டு தரப்போடும் உட்கார்ந்து பேசுகிறார்.

ஒரு நாட்டில் ஐ.நா. மிஷன் இருந்தால், பெரும்பாலும் அதற்குத் தலைவர் பொதுச்செயலாளரின் சிறப்புப் பிரதிநிதி. படைத்தளபதி, போலீஸ் கமிஷனர், மனித உரிமைப் பிரிவு எல்லாம் அவருக்குக் கீழே. அவர் யாரைப் பார்க்க வேண்டும், என்ன கேட்க வேண்டும், எந்தக் கட்சிக்குள் என்ன புகைகிறது என்று சொல்வது அரசியல் விவகாரப் பிரிவு. தெற்கு சூடானின் தலைநகர் ஜூபாவில் இருக்கும் அதிகாரியை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் எந்தச் சாலையில் துப்பாக்கிச் சூடு, எந்தக் கிராமத்தில் மாட்டுக் கொள்ளை என்ற தகவல் வரும். மாட்டுக் கொள்ளையை அங்கே சில்லறைத் திருட்டாக நினைத்துவிடக் கூடாது. பல சமூகங்களில் பெண்ணுக்குக் கொடுக்கும் பரிசமே மாட்டுக் கணக்குதான். ஒரு மந்தை பறிபோனால் ஒரு ஊரே பழிவாங்கக் கிளம்பும். பிறகு ஒரு கட்சித் தலைவர், மதியம் ஒரு பிஷப், மாலையில் ஏதாவது ஒரு தூதரகத்துக்காரர். 2018 செப்டம்பர் 12 அன்று அடிஸ் அபாபாவில் கையெழுத்தான சமாதான ஒப்பந்தத்தில் எந்தப் பிரிவு நடக்கிறது, எது கிடப்பில் கிடக்கிறது என்று எல்லாரிடமும் விசாரித்து, இரவில் உட்கார்ந்து எழுத வேண்டும்.

கேள்வி: துப்பாக்கி கொடுப்பார்களா?
– பள்ளி மாணவன், தேனி

பதில்: கிடையாது தம்பி. ஒரு வாக்கி டாக்கி, ஒரு நோட்டு. நிலைமை கெட்டால் குண்டு துளைக்காத உடுப்பும் ஹெல்மெட்டும்.

கேள்வி: எல்லாரிடமும் பேசித் தகவல் திரட்டி மேலிடத்துக்கு எழுதுகிறார் என்றால், அது உளவு வேலைதானே?
– ஓய்வுபெற்ற காவல்துறை அலுவலர், சேலம்

பதில்: உளவாளி தான் யாரென்று சொல்ல மாட்டார். இவர் ஐ.நா. கொடி பறக்கும் வண்டியில், நேரம் வாங்கிக்கொண்டு, அடையாள அட்டையோடு போகிறார். காசு கொடுத்துத் தகவல் வாங்குவதோ போனை ஒட்டுக்கேட்பதோ கிடையாது. ஆளுங்கட்சியைப் பார்க்கிற அதே ஆள் எதிர்க்கட்சியையும் பார்க்கிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். இவரிடம் ஒருவர் மனம் விட்டுப் பேசுகிறார் என்றால், அது இவர் நம்பத் தகுந்தவர் என்று ஊரில் பெயர் எடுத்திருப்பதால்தான். ஒரு சந்திப்பில் கேட்டதை இன்னொரு சந்திப்பில் உளறிவிட்டால் அந்தப் பெயர் அன்றோடு போயிற்று.

கேள்வி: அப்படி இரவில் உட்கார்ந்து என்னதான் எழுதுவார்கள்? நடந்ததை எழுத அவ்வளவு பெரிய படிப்பு எதற்கு?
– பத்திரிகை நிருபர், புதுச்சேரி

பதில்: இந்த வேலையின் உயிரே அங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு அமைச்சரைப் பார்க்கிறீர்கள். தேர்தல் சட்ட முன்வரைவு மாத முடிவுக்குள் பாராளுமன்றத்துக்குப் போய்விடும் என்கிறார். திரும்பி வந்து, ‘முன்வரைவு மாத முடிவுக்குள் பாராளுமன்றத்துக்குப் போகும்’ என்று எழுதினால் தப்பு. ‘போகும் என்று அமைச்சர் சொன்னார்’ என்பதுதான் உங்களுக்குத் தெரிந்தது. அவராகச் சொன்னாரா, நீங்கள் இரண்டு முறை கேட்டபிறகு சொன்னாரா? பக்கத்தில் இருந்த துணை அமைச்சர் அந்த நேரத்தில் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தாரா? அதையும் எழுதலாம், ஆனால் தனியாக. அமைச்சர் சொன்னது ஒரு பத்தி, நீங்கள் கண்ணால் பார்த்தது ஒரு பத்தி, அதிலிருந்து நீங்கள் நினைப்பது கடைசிப் பத்தி. மூன்றையும் ஒன்றாகக் குழைத்தால் நியூயார்க்கில் படிப்பவருக்கு எது சாட்சியம், எது யூகம் என்று தெரியாது.

போர்நிறுத்தக் குழு ஒன்றில் ஒரு தளபதி வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார் என்று வையுங்கள். ‘சம்மதித்தார்’ என்று எழுதிவிடத் தோன்றும். ‘மறுக்கவில்லை’ என்பதே சரி. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கிராமம் எரிந்து போகலாம். சம்மதம் கிடைத்துவிட்டது என்று நம்பி ரோந்தை வேறு பக்கம் திருப்பிவிடுவார்கள்.

இந்தக் குறிப்புகள் எல்லாம் சேர்ந்துதான் ‘கேபிள்’ எனும் அலுவலகச் செய்தியாகத் தலைமையகத்துக்குப் போகின்றன. பல மிஷன்களில் சுமார் 90 நாளுக்கு ஒருமுறை பொதுச்செயலாளரின் அறிக்கையாகப் பாதுகாப்பு சபையின் 15 உறுப்பினர்கள் முன்னால் வருகின்றன. 2000ஆம் ஆண்டு அல்ஜீரியாவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் லக்தார் பிராகிமி தலைமையிலான குழு, அமைதிப் பணிகள் ஏன் தோற்றன என்று ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. அதன் சாரம் இது: பாதுகாப்பு சபை எதைக் கேட்க விரும்புகிறதோ அதைச் சொல்லாதீர்கள், அதற்கு எது தெரிந்தாக வேண்டுமோ அதைச் சொல்லுங்கள். நான் இந்த வேலையை அளப்பது இந்த ஒரு அளவுகோலால்தான்.

கேள்வி: ஒரு இடத்திலாவது ஜெயித்திருக்கிறார்களா?
– வழக்கறிஞர், மதுரை

பதில்: நமீபியா. பலரும் மறந்துவிட்ட பெருமை அது.

தென்னாப்பிரிக்காவின் பிடியில் இருந்த அந்த நாட்டைத் தேர்தல் வழியாக விடுதலைக்குக் கொண்டுபோக 1989 ஏப்ரல் 1 அன்று ஐ.நா. மிஷன் வேலையைத் தொடங்கியது. தலைவர் ஃபின்லாந்தின் மார்ட்டி அட்டிசாரி. படைத்தளபதி நம் நாட்டின் பிரேம் சந்த். தொடங்கிய அன்றே வடக்கில் விடுதலை இயக்கமான ஸ்வாப்போவின் போராளிகளுக்கும் தென்னாப்பிரிக்கப் படைகளுக்கும் கடும் சண்டை. சில நாளில் நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். முதல் வாரத்திலேயே கதை முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

முடியவில்லை. நாடு முழுக்க 42 அரசியல் அலுவலகங்களை ஐ.நா. திறந்தது. அதிகாரிகள் அந்தந்த ஊரிலேயே தங்கினார்கள். நிறவெறி ஆட்சியில் அரசு என்றாலே அடியும் உதையும் என்று பழகிய மக்களிடம், வாக்குச்சீட்டில் யாருக்குப் போட்டோம் என்று யாருக்கும் தெரியாது என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கூவூட் என்ற துணைப்படையின் ஆட்கள் மிரட்டுகிறார்கள் என்ற புகார்களை வாங்கி மேலே அனுப்பினார்கள். அந்த அழுத்தத்தில்தான் கூவூட்டின் ஆட்களை ஒதுக்க வேண்டி வந்தது. ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டிருந்த கட்சிகளை உட்காரவைத்து, பிரசாரத்தில் ஆயுதம் கூடாது, அடுத்த கட்சியின் கூட்டத்தைக் கலைக்கக் கூடாது என்று ஒரு நடத்தை விதியில் கையெழுத்து வாங்கினார்கள். நவம்பரில் வாக்குப்பதிவு 95 சதவீதத்தைத் தாண்டியது. 1990 மார்ச் 21 அன்று நமீபியா சுதந்திர நாடு. மிஷன் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது. சொன்ன வேலையைச் சொன்னபடி முடித்துவிட்டு ஊரைவிட்டுக் கிளம்பிய மிஷன்கள் அரிது.

கேள்வி: நம் பக்கத்தில் எங்காவது?
– வங்கி ஊழியர், கும்பகோணம்

பதில்: நேபாளம். 2006இல் மாவோயிஸ்டுகளும் அரசும் சமாதானம் செய்துகொண்டபோது ஆயுதங்களை யார் வைத்துக்கொள்வது என்பதில்தான் முட்டுக்கட்டை. ‘ஒப்படைத்தோம்’ என்று சொல்ல போராளிகளுக்கு மானப்பிரச்சினை. கடைசியில் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. துப்பாக்கிகள் இரும்புக் கண்டெய்னரில். பூட்டு ஒன்று. சாவி மாவோயிஸ்ட் தரப்பிடமே. ஆனால் சைரனும் கேமராவும் பொருத்தி ஐ.நா. இரவும் பகலும் காவல் பார்க்கும். அதே எண்ணிக்கையில் நேபாள ராணுவமும் தன் ஆயுதங்களை அதே முறையில் பூட்டிவைக்க வேண்டும். சாவி இவர்கள் கையில், பார்வை அவர்கள் கையில். இரண்டு பக்கமும் தலைநிமிர்ந்து ஊருக்குப் பதில் சொல்ல முடிந்தது. 2008இல் அரசியல் நிர்ணய சபைத் தேர்தல் நடந்தது. 2011 ஜனவரியில் ஐ.நா. வெளியேறியது. அங்கே நீலத் தொப்பிப் படையே போகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது முழுக்க அரசியல் மிஷன்.

கேள்வி: இந்தியர் ஒருவர் அந்த வேலைக்குப் போனால் இந்தியாவுக்குச் சாதகமாகத்தானே நடந்துகொள்வார்?
– வாசகர், ஓசூர்

பதில்: ஐ.நா. சாசனத்தின் 100ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது. எந்த அரசிடமிருந்தும் உத்தரவு கேட்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. அரசுகளும் அவர்களை வளைக்கப் பார்க்கக் கூடாது. மீறினால் அவர் அந்த வேலைக்கு லாயக்கில்லாதவர்.

கேள்வி: பேசிப் பேசியே போரை நிறுத்திவிட முடியுமா?
– ஆட்டோ ஓட்டுநர், வேலூர்

பதில்: ஐ.நா.வின் மத்தியஸ்தர் ரால்ஃப் பன்ச் நிறுத்தினார். 1949இல் ரோட்ஸ் தீவில் இஸ்ரேலையும் அரபு நாடுகளையும் தனித்தனியாகப் பேசவைத்துப் போர்நிறுத்த ஒப்பந்தங்களை வாங்கினார். பேச்சு இழுத்துக்கொண்டே போனபோது, உள்ளூரில் செய்யச் சொல்லியிருந்த அழகான பீங்கான் தட்டுகளைப் பிரதிநிதிகளிடம் காட்டினாராம்: ஒப்பந்தம் முடிந்தால் ஆளுக்கு ஒன்று பரிசு, முடியாவிட்டால் உங்கள் தலையிலேயே உடைப்பேன் என்று. தட்டுகள் உடையவில்லை. மறுவருடம் அவருக்கு நோபல் அமைதிப் பரிசு. நோபல் பரிசு பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்தான்.

கேள்வி: ஆளும் அரசுக்குப் பிடிக்காததைச் சொன்னால் ‘வெளியே போ’ என்று சொல்லிவிட மாட்டார்களா?
– ஆசிரியை, நாகர்கோவில்

பதில்: சொல்வார்கள், சொல்லியிருக்கிறார்கள். 2006 அக்டோபரில் சூடான் அரசு மிஷன் தலைவர் யான் ப்ரோங்கை வெளியேற்றியது. டார்ஃபூரில் ராணுவம் தோற்றதைத் தன் சொந்த வலைப்பதிவில் எழுதியிருந்தார். எழுத வேண்டிய இடம் அதுவல்ல என்பது என் கருத்து. சோமாலியாவில் மிஷன் தலைவராக இருந்த நிக்கலஸ் ஹேசம் விஷயத்தில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. சோமாலியாவின் பைடோவா நகரில் போராட்டக்காரர்கள் சுடப்பட்டது பற்றியும், ஒரு வேட்பாளர் கைதானது எந்தச் சட்டப்படி என்றும் விளக்கம் கேட்டு அரசுக்குக் கடிதம் எழுதினார். 2019 புத்தாண்டு நாளில் நாட்டைவிட்டுப் போகச் சொன்னார்கள். கேட்டே ஆக வேண்டிய கேள்வி அது. அவரை ஐ.நா. ஒதுக்கிவிடவில்லை, 2021இல் தெற்கு சூடான் மிஷனுக்கே தலைவராக அனுப்பியது.

மொத்த மிஷனையும் போகச் சொன்ன நாடும் உண்டு. 2023 ஜூனில் மாலி அரசு போங்கள் என்றது. பத்து வருடத்தில் 300க்கும் அதிகமானவர்களைப் பலிகொடுத்த மிஷன், அந்த டிசம்பர் 31க்குள் மூட்டை கட்டியது. அரசின் சம்மதம் இல்லாமல் அமைதிப் பணி நிற்க முடியாது.

கேள்வி: அமைதிப்படை எண்டாலே எங்களுக்கு நெஞ்சு பதறும். 87இல வந்ததும் அமைதிப்படைதான். 2009இல வன்னியில சனம் செத்துக்கொண்டு இருக்கேக்க உங்கட ஐ.நா. எங்க போனது?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி ஐயா. முதலாவது: 1987 ஜூலை 29 ஒப்பந்தத்தின் பேரில் வந்தது இந்திய ராணுவம். ஐ.நா. கொடியோ பாதுகாப்பு சபைத் தீர்மானமோ அதற்குக் கிடையாது. 1990 மார்ச்சில் வெளியேறியது. இந்த வித்தியாசத்தைச் சொல்லி உங்கள் காயத்தை ஆற்றிவிட முடியாது என்று எனக்குத் தெரியும்.

இரண்டாவது கேள்விக்கு நேராகவே பதில் சொல்ல வேண்டும். இலங்கையில் ஐ.நா. அமைதி மிஷன் இருக்கவில்லை. உணவு, அகதிகள், குழந்தைகள், வளர்ச்சித் திட்டம் என்று இயங்கும் அமைப்புகளே இருந்தன. 2008 செப்டம்பரில் பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர முடியாது என்று அரசு சொன்னதும், ஐ.நா.வின் வெளிநாட்டு ஊழியர்கள் கிளிநொச்சியை விட்டுப் புறப்பட்டார்கள். போகாதீர்கள் என்று அலுவலக வாசலில் மக்கள் கூடி மன்றாடினார்கள். உள்ளூர் ஊழியர்கள் பலரும் அவர்கள் குடும்பங்களும் உள்ளேயே மாட்டிக்கொண்டார்கள். வெளியேறப் புலிகள் விடவில்லை. ஷெல்லடி நடந்த மாதங்களில் கொழும்பில் இருந்த ஐ.நா. ஊழியர்கள் சாவுகளைச் சரிபார்த்துக் கணக்கெடுத்தார்கள். அந்தக் கணக்கை ஐ.நா. துணிந்து வெளியிடவில்லை. பாதுகாப்பு சபையின் முறையான நிகழ்ச்சி நிரலில் இலங்கை ஏறவே இல்லை. இறுதிக்கட்டத்தில் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று பொதுச்செயலாளர் நியமித்த நிபுணர் குழு 2011இல் சொன்னது.

2012 நவம்பரில் சார்ல்ஸ் பெட்ரி தலைமையிலான ஐ.நா.வின் உள் ஆய்வு வெளியானது. அந்த நிலைமையைச் சமாளிக்கத் தேவையான அரசியல், மனித உரிமை அனுபவம் கொழும்பில் இருந்த அணியிடம் போதவில்லை என்றது. நியூயார்க் தலைமையகம் உறுப்பு நாடுகளுக்குத் தெரிந்தாக வேண்டியதைச் சொல்லாமல், அவை கேட்க விரும்புவதாக நினைத்ததையே சொன்னது என்றும் எழுதியது. பிராகிமி 2000இல் எதைச் செய்யாதீர்கள் என்றாரோ, அதே குற்றம். ஒன்பது வருடம் கழித்து, நம் கண்ணெதிரே.

அதனால்தான் ஒரு வார்த்தையை எழுதுவதற்கு இவ்வளவு அக்கறை வேண்டும் என்று நான் மல்லுக்கு நிற்கிறேன். வன்னியில் ஒரு அரசியல் மிஷன் இருந்திருந்தால் போர் நின்றிருக்கும் என்று சொல்ல மாட்டேன். அந்த எண்ணிக்கை அன்றே, அதிகாரபூர்வமாக, தேதியோடு பாதுகாப்பு சபை மேஜைக்குப் போயிருக்க வேண்டும். தெரியாது என்று சொல்லும் வசதி எந்த நாட்டுக்கும் கிடைத்திருக்கக் கூடாது.

கேள்வி: எழுதினால் மட்டும் கேட்டுவிடுகிறார்களா?
– வாசகி, மட்டக்களப்பு

பதில்: ருவாண்டாவில் கேட்கவில்லை. 1994 ஜனவரி 11 அன்று அங்கிருந்த ஐ.நா. படைத்தளபதி ரோமியோ டலேர் நியூயார்க்குக்கு ஒரு கேபிள் அனுப்பினார். ஆயுதக் கிடங்குகள் இருக்கின்றன, துத்சி இனத்தவரின் பட்டியல் தயாராகிறது என்று உள்ளிருந்து ஒருவர் சொல்கிறார். கிடங்குகளைச் சோதனையிடப் போகிறேன் என்றார். வேண்டாம் என்று பதில் வந்தது. ஏப்ரலில் படுகொலை தொடங்கியது. தொடங்கிய இரண்டு வாரத்தில் பாதுகாப்பு சபை படையை 270 பேராகக் குறைத்தது. சுமார் நூறு நாளில் எட்டு லட்சம் பேர் என்பது ஐ.நா.வே 1999இல் சொன்ன மதிப்பீடு. அந்தக் கேபிள் ஒரு உயிரையும் காக்கவில்லை, நான் அதை மழுப்ப மாட்டேன். ஆனால் யாருக்கு எப்போது தெரியும் என்பதை 1999இல் விசாரணைக் குழு நிறுவ முடிந்தது அந்தத் தாளால்தான்.

கேள்வி: பெண் அதிகாரிகளுக்கு அங்கே இடம் உண்டா?
– ஆராய்ச்சி மாணவி, தஞ்சாவூர்

பதில்: இடம் உண்டா என்று கேட்க வேண்டாம், அவர்கள் இல்லாமல் வேலை நடக்காது. பல ஊர்களில் பெண்கள் அந்நிய ஆணிடம் பேசவே வர மாட்டார்கள். சமாதானப் பேச்சில் பெண்கள் பங்குபெற வேண்டும் என்று பாதுகாப்பு சபை 2000இல் 1325ஆம் தீர்மானம் போட்டது. அது எவ்வளவு நடந்தது என்று 2015இல் ஐ.நா.வுக்காக ஆய்வு நடத்தியவர் இலங்கைத் தமிழரான ராதிகா குமாரசுவாமி; தேடிப் படியுங்கள். 2023 ஏப்ரலில் ஆப்கன் பெண்கள் ஐ.நா.வில் வேலை செய்யவே தாலிபான் தடை போட்டது. பாதி நாட்டின் குரல் மேலிடத்துக்குப் போகாமல் அடைக்க அதைவிடச் சுலபமான வழி இல்லை.

கேள்வி: மகள் இந்த வேலைக்குப் போகிறேன் என்கிறாள். எவ்வளவு ஆபத்து? மறைக்காமல் சொல்லுங்கள்.
– ஒரு தாய், கோயம்புத்தூர்

பதில்: மறைக்கவில்லை அம்மா. 2003 ஆகஸ்ட் 19 அன்று பாக்தாத்தின் கனால் ஹோட்டலில் வெடித்த குண்டில் மிஷன் தலைவர் செர்ஜியோ வியேரா டி மெல்லோ உட்பட 22 பேர் இறந்தார்கள். 2010 ஜனவரி 12 அன்று ஹைட்டி நிலநடுக்கத்தில் மிஷன் தலைமையகம் இடிந்தது. தலைவர் எடி அன்னாபி இறந்தார், அன்று ஐ.நா. இழந்தவர்கள் ஏறத்தாழ நூறு பேர். 2025 மார்ச் 7 அன்று தெற்கு சூடானின் நாசிரில், காயம்பட்ட சிப்பாய்களை ஏற்றப் போன ஐ.நா. ஹெலிகாப்டர்மேல் சுட்டார்கள், ஊழியர் ஒருவர் இறந்தார்.

அன்றாடம் வாட்டுவது தனிமை. பெரும்பாலான மிஷன்களில் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. கண்டெய்னரில் ஒரு அறை, இருட்டியபின் வெளியே போகத் தடை. கடினமான ஊர்களில் சில வாரங்களுக்கு ஒருமுறை கட்டாய ஓய்வு விடுப்பு தருவார்கள். அதை அவள் சேர்த்துவைக்காமல் எடுக்க வேண்டும் என்று இப்போதே சொல்லிவையுங்கள்.

இன்னொன்றும் சொல்லுங்கள். வெளிநாட்டு அதிகாரி விமானம் ஏறிப் போய்விடுவார். மொழிபெயர்க்கும் உள்ளூர்ப் பையனும் வண்டி ஓட்டுபவரும் அங்கேயேதான் வாழ வேண்டும். அவர்கள் பெயரை எந்தக் குறிப்பில் எழுதலாம், எதில் கூடாது என்று ஒவ்வொரு முறையும் அவள் யோசிக்க வேண்டும்.

கேள்வி: எம்.ஏ. முடித்திருக்கிறேன். எப்படிச் சேருவது? சென்னையில் ஒரு ஏஜென்ட் பணம் கட்டினால் வாங்கித் தருகிறேன் என்கிறார்.
– வாசகர், விழுப்புரம்

பதில்: ஒரு பைசா கொடுக்காதீர்கள்! விண்ணப்பத்துக்கோ நேர்காணலுக்கோ பயிற்சிக்கோ ஐ.நா. கட்டணம் வாங்குவதே இல்லை. கேட்பவர் மோசடிக்காரர்.

நேர்வழிகள் உண்டு. 32 வயதுக்குள் இருந்தால் இளம் நிபுணர் தேர்வு. எந்த நாட்டினர் எழுதலாம் என்ற பட்டியல் வருடா வருடம் மாறும், பார்த்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியின் பான் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஐ.நா. தன்னார்வலர் திட்டம் வழியாகவும் மிஷன்களுக்குப் போகலாம். பலருக்கு முதல் படி அதுதான். நேரடிப் பதவிகளில் பி-3 நிலைக்கு முதுகலைப் பட்டத்தோடு 5 வருட அனுபவம், பி-4க்கு 7 வருடம் கேட்பார்கள். பிரெஞ்சு படியுங்கள், காங்கோவிலும் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசிலும் அது இல்லாமல் ஒரு அடி எடுத்துவைக்க முடியாது. உங்கள் மாவட்டத்தில் நடக்கும் ஒரு நீர்ப் பங்கீட்டுத் தகராறையோ கோயில் நுழைவுப் பிரச்சினையையோ எடுத்துக்கொண்டு, இரண்டு தரப்பையும் பார்த்துப் பேசி, இரண்டே பக்கத்தில் எழுதிப் பழகுங்கள். இரு தரப்பினரும் படித்துவிட்டு, ‘நான் சொன்னதைச் சரியாக எழுதியிருக்கிறார்’ என்றால் நீங்கள் தயார்.

கேள்வி: இப்போது எந்த நாட்டைக் கவனிப்பது?
– நூலகர், காரைக்குடி

பதில்: தெற்கு சூடானைத்தான். திரும்பத் திரும்பத் தள்ளிப்போன முதல் தேர்தலுக்கு 2026 டிசம்பர் என்று நாள் குறித்தார்கள். 2018 ஒப்பந்தத்தில் ஒரு தரப்பான ரியெக் மச்சாரை 2025 மார்ச்சில் வீட்டுக்காவலில் வைத்தார்கள். அதே வருடம் அக்டோபரில், உறுப்பு நாடுகள் பணம் செலுத்தாததால் ஒன்பது மிஷன்களில் நாலில் ஒரு பங்கு படையினரைக் குறைப்பதாக ஐ.நா. அறிவித்தது, தெற்கு சூடானும் அதில் அடக்கம். லெபனான் மிஷனுக்கும் 2026 டிசம்பர் 31 கடைசி நாள் என்று பாதுகாப்பு சபை முடிவு செய்தது. தெற்கு சூடானில் படையினர் குறையும் மாவட்டங்களில் சின்ன அலுவலகங்களும் மூடப்படும். அங்கே உட்கார்ந்து மாட்டுக் கொள்ளையிலிருந்து கட்சிப் பிளவு வரை எழுதிக்கொண்டிருந்தவர்கள் ஜூபாவுக்குத் திரும்ப வேண்டியிருக்கும். அந்த ஊர்களிலிருந்து இனி என்ன செய்தி வருகிறது, எது வராமலே போகிறது என்று பாருங்கள்.